நல்ல நிலையிலுள்ள பிரதி

அந்தப் புத்தகத்தை வாங்கியதற்கு என்னிடம் சாக்கு இருக்கிறது. விற்றதற்கு இல்லை. வாங்கிய கதையைச் சொன்னால், பழைய புத்தகப் பைத்தியங்களே இப்படித்தான் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். விற்ற கதையை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

புத்தகத்தின் பெயர் ‘தி க்ளான்ஸ்மேன்’. எழுதியவர் தாமஸ் டிக்ஸன். 1905-இல் நியூயார்க்கின் டபிள்டே, பேஜ் பதிப்பகம் வெளியிட்ட நாவல். கு க்ளக்ஸ் க்ளான் என்ற கொலைக் கும்பலைத் தென் மாநிலங்களைக் காப்பாற்ற வந்த வீரர் படையாகவும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் கட்டவிழ்த்துவிட்ட மிருகங்களாகவும் காட்டுகிற கதை. சரித்திரக் காதல் கதை என்று தலைப்புப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டது. முன்னுரையில் டிக்ஸன், தான் சரித்திரத்திலிருந்து வழுவவில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறார். நூலைத் தன் மாமா லீராய் மெக்காஃபிக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். அவர் க்ளானில் பதவி வகித்தவர். அந்தப் பதவியின் பெயரும் காணிக்கைப் பக்கத்தில் பெருமையாக அச்சாகியிருக்கிறது.

நான் வசிப்பது வட கரோலினாவில், சார்லட் நகரத்தின் தெற்கு ஓரத்தில். இந்தப் பக்கங்களில் வயதானவர்கள் காலமானாலோ, முதியோர் இல்லத்துக்குப் போனாலோ, வீட்டைத் திறந்து வைத்து உள்ளே இருப்பதையெல்லாம் விலைச்சீட்டு ஒட்டி விற்றுவிடுவார்கள். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கிப் பழகிய எனக்கு, 1985-இல் அது எரிந்து போனபிறகு அதே ருசி கிடைத்தது இந்த எஸ்டேட் சேல்களில்தான். சனிக்கிழமை காலை ஒரு வீட்டில், சமையல் புத்தகங்களுக்கும் ஒரு பெரிய பைபிளுக்கும் நடுவே அந்தச் சிவப்புத் துணி அட்டை தெரிந்தது.

இந்த நாவலின் பழைய பிரதிகள் அபூர்வமே இல்லை. 1915-இல் டி. டபிள்யூ. கிரிஃபித் இதைப் படமாக எடுத்தபிறகு கிராஸெட் அண்ட் டன்லப் என்ற மறுபதிப்பு நிறுவனம் திரைப்படக் காட்சிகளைச் சேர்த்துப் போட்ட மலிவுப் பதிப்பு ஏராளமாக உலவுகிறது. அதிலும் காப்புரிமைப் பக்கத்தில் 1905 என்றே இருக்கும். அதைப் பார்த்துவிட்டு முதல் பதிப்பு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. தலைப்புப் பக்கத்தின் அடியில் பதிப்பகப் பெயரைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். டபிள்டே, பேஜ். ஆர்தர் கெல்லர் வரைந்த படங்கள் எல்லாம் இருந்தன. தையல் இறுக்கம். முதுகில் பொன்னெழுத்து கொஞ்சம்தான் மங்கியிருந்தது. ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். மேலுறை இல்லை, அந்தக் காலத்து மேலுறைகள் தப்பிப் பிழைப்பதே அரிது.

சீட்டில் பத்து டாலர். இதன் மதிப்பு அதைப்போலப் பல மடங்கு என்று எனக்குத் தெரியும். இருந்தும் அங்கே நின்ற பெண்மணியிடம் முதுகு மங்கியதைக் காட்டி ஏழு டாலருக்குக் கேட்டேன். பாட்டியின் புத்தகம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் காசு கொடுத்தேன். காருக்கு வந்ததும் நான் உணர்ந்தது சந்தோஷம். ஒளிவுமறைவில்லாத, கலப்படமில்லாத சந்தோஷம். புத்தகம் எதைப் பற்றியது என்ற நினைப்பு வீடு வந்து சேரும்வரை எழவே இல்லை.

மனைவி பின்னட்டையைத் திருப்பினாள், படங்களைப் பார்த்தாள். ஒன்றில் வெள்ளை அங்கி போட்டவர்கள் நடுவே ஒருவன் எரியும் சிலுவையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான்.

“ஏங்க, இதெல்லாம் எதுக்கு வீட்டுக்குள்ள?”

“சரித்திர ஆவணம்” என்றேன். அந்தச் சொல்லை நான் முதன்முதலாகப் பயன்படுத்தியது அன்றைக்கு. பிறகு பலமுறை உதவியிருக்கிறது.

சரித்திர ஆவணம் என்பது பொய்யும் இல்லை. 1860-களில் தோன்றிய முதல் க்ளான் சிலுவையை எரிக்கவில்லை. மலைக்கு மலை எரியும் சிலுவை காட்டிப் படை திரட்டும் ஸ்காட்லாந்துப் பழங்கதையை எடுத்து, தன் நாவலுக்கு அலங்காரமாகச் சேர்த்தவர் டிக்ஸன். 1915 நவம்பரில் அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டோன் மவுண்டன் உச்சியில் வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் க்ளானுக்கு மறுபிறவி கொடுத்தபோது, ஒரு சிலுவையைக் கொளுத்தித்தான் தொடங்கினார். அடுத்த மாதமே அட்லாண்டாவில் படம் திரைக்கு வந்தது. படத்தின் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே க்ளானின் ஆள்சேர்ப்பு விளம்பரமும் வந்தது. அதற்குப்பின் கறுப்பினக் குடும்பங்களின் வாசலில் எரிந்த ஒவ்வொரு சிலுவையும் ஒரு நாவலாசிரியனின் கற்பனையிலிருந்து இறங்கி வந்தது. என் கையில் இருந்தது அந்த எரியும் சிலுவைச் சித்திரத்தின் முதல் அச்சு. பழைய புத்தகக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வாங்கிப் பல மாதம் வாசிக்கவில்லை. சேகரிப்பவர்கள் வாசிப்பதில்லை என்பது எங்கள் தொழில் ரகசியம். பிறகு ஒரு வாரயிறுதியில், எவ்வளவு மோசமாக எழுதியிருக்கிறான் பார்ப்போம் என்று தொடங்கினேன். மோசமாகத்தான் எழுதியிருக்கிறார். வசனமெல்லாம் மேடைப் பேச்சு. டிக்ஸன் பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர், வக்கீல், சட்டமன்ற உறுப்பினர், ஊர் ஊராகப் போய்ப் பேசிச் சம்பாதித்தவர். அந்தத் தொண்டை ஒவ்வொரு பக்கத்திலும் கேட்கிறது.

ஆனால் நான் பாதியில் வைக்கவில்லை. அதுதான் விஷயம். மரியன் என்ற பெண்ணையும் அவள் தாயையும் நாசமாக்க கஸ் என்ற கறுப்பின வீரனை அனுப்புகிறார் டிக்ஸன். தாயும் மகளும் விடியற்காலையில் மலை முகட்டிலிருந்து குதித்துச் சாகிறார்கள். அடுத்து டாக்டர் கேமரன், செத்துப்போன தாயின் கண்ணை நுண்ணோக்கி வைத்து ஆராய்கிறார். சாகும்போது கடைசியாகப் பார்த்த முகம் விழித்திரையில் படமாகப் பதிந்து நிற்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. டாக்டருக்கு அந்தக் கண்ணில் கஸ்ஸின் உருவம் தெரிகிறது. சாட்சி முடிந்தது, விசாரணை முடிந்தது, கொன்று போடுகிறார்கள். படித்த நான், பொறியியல் பட்டம் வாங்கிய நான், இந்த அபத்தத்தைப் படித்துவிட்டுச் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை, பக்கத்தைப் புரட்டினேன். கடைசியில், சாகப்போகிறவனை மீட்கக் குதிரைப்படை வருமா வராதா என்று டிக்ஸன் இழுக்கிற இடத்தில், வந்துவிட வேண்டுமே என்று என் மனசு அடித்துக்கொண்டது. குதிரைகளின் மேல் இருந்தவர்கள் யார் என்று தெரிந்தேதான் அடித்துக்கொண்டது.

கதை சொல்லும் வித்தையில் மயங்கினேன் என்று இதற்கு மரியாதையான விளக்கம் கொடுத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை. எம்.ஜி.ஆர். படத்தில் கடைசிச் சண்டைக்குக் கைதட்டிய பழக்கம் என்று தள்ளிவிடலாம்தான். உண்மை அதைவிட அசிங்கம். அந்த நாவலை ஓட்டுகிற பயம் எனக்குப் பழக்கமான பயம். நம் வீட்டுப் பெண்ணை அவர்கள் வீட்டுப் பையன் பார்த்துவிடக் கூடாது, கலந்துவிடக் கூடாது என்பதுதான் டிக்ஸனின் மொத்தச் சரக்கும். இதை நான் சோற்றோடு சேர்த்து விழுங்கி வளர்ந்தவன். எங்கள் தெருவில் கத்திச் சொல்லமாட்டார்கள்; சாப்பாட்டு வேளையில் மெதுவாகச் சொல்வார்கள். அதனால் டிக்ஸனைப் படித்தபோது அதிர்ச்சி அடைவதற்கு எனக்குள் இடம் இல்லாமல் போயிற்று. மொழியும் நிறமும்தான் புதுசு.

இங்கே வந்தபிறகும் அந்தப் பயம் போகவில்லை. நண்பர்கள் வீடு பார்க்கும்போது “அந்த ஏரியா வேணாம் சார், ஸ்கூல் சரியில்ல” என்பார்கள். ஸ்கூல் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். நானும் கேட்டேன், அந்த ஏரியாவில் வாங்கவில்லை. இத்தனைக்கும் 1923-இல் பகத் சிங் திந்த் என்பவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியன் வெள்ளையன் ஆகமாட்டான், குடியுரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. பிறகு எங்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்டது 1965-ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் அடிபட்டு, நாய்க்கடி பட்டு, சிறைப்பட்டு நடத்திய போராட்டம் நாட்டின் மனசாட்சியை உலுக்கிய காலத்தில் வந்த சட்டம் அது. அவர்கள் திறந்த கதவு வழியாக வந்து, அவர்கள் இல்லாத தெருவாகப் பார்த்துக் குடியேறினேன்.

நாவலை முடித்தபிறகு உண்மை வரலாற்றைத் தேடினேன். இதை நல்ல காரியமாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் பின்னால் அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கதை நடக்கும் இடம் தென் கரோலினாவின் மேட்டுப் பகுதி. என் வீட்டிலிருந்து எல்லையைத் தாண்டினால் யார்க் கவுண்டி. அங்கே 1871 மார்ச் மாதம், ஜிம் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை க்ளான் ஆட்கள் நள்ளிரவில் வீட்டிலிருந்து இழுத்துப்போய் மரத்தில் தூக்கிலிட்டார்கள். அடிமையாக இருந்து, உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு ஓடி, திரும்பி வந்து கறுப்பின மக்கள் படைப்பிரிவுக்குத் தலைவரானவர் அவர். கும்பலுக்குத் தலைமை தாங்கியவர் ஊர் டாக்டர், ரூஃபஸ் பிராட்டன். மறுநாள் வேறு நோயாளிகளைப் பார்க்கப் போகிற கை. அந்த வருடமே ஜனாதிபதி கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது கவுண்டிகளில் ஆட்கொணர்வு மனு உரிமையை நிறுத்திவைத்துப் படையை அனுப்ப வேண்டியிருந்தது. டாக்டர் கனடாவின் லண்டன் நகருக்கு ஓடிப்போனார். அமெரிக்க ஆட்கள் அங்கே போய்க் கடத்திவர, பிரிட்டன் ஆட்சேபித்து, திரும்பவும் கனடாவுக்கே விட்டுவிட்டார்கள். பிற்பாடு ஊருக்குத் திரும்பி நிம்மதியாக வைத்தியம் பார்த்தார். நாவலில் நுண்ணோக்கியோடு நீதி வழங்கும் கதாபாத்திரமும் டாக்டர்தான் என்பதை இந்த ஊர்க்காரர்கள் தற்செயல் என்று எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று. நாவலின் வில்லன் ஆஸ்டின் ஸ்டோன்மன், பென்சில்வேனியா காங்கிரஸ் உறுப்பினர் தாடியஸ் ஸ்டீவன்ஸை வைத்து வரைந்த உருவம். நாவலில் அவர் தெற்கே வந்து, தன் தப்பை உணர்ந்து கலங்குகிறார். நிஜ ஸ்டீவன்ஸ் 1868 ஆகஸ்டில் இறந்தார். எல்லா இனத்தவரையும் புதைக்கிற சிறிய கல்லறைத் தோட்டம் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து, லங்காஸ்டர் நகரில் அங்கேதான் படுத்திருக்கிறார். செத்தும் மாற்றிக்கொள்ளாத மனுஷனைப் பிடித்துக் கதையில் அழவைத்திருக்கிறார் டிக்ஸன்.

டிக்ஸனின் கல்லறை சார்லட்டிலிருந்து மேற்கே ஷெல்பியில் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். தென் மாநிலங்களின் இந்த மயக்கங்களை உரித்துக் காட்டி 1941-இல் புத்தகம் எழுதிய டபிள்யூ. ஜே. கேஷும் அதே தோட்டத்தில்தான் அடக்கம். கேஷின் புத்தகம் என்னிடம் ஒரு பழைய பேப்பர்பேக்காக இருக்கிறது. அதற்கு நான் பிளாஸ்டிக் உறை போட்டதில்லை. டிக்ஸனுக்குப் போட்டிருந்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு கறுப்பின நண்பர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், என்னைவிட மூத்தவர். எங்கள் வீட்டுத் தோசைக்கு ரசிகர். அவருடைய அம்மா வழிச் சொந்தங்கள் யார்க் கவுண்டிக்காரர்கள். அவர் வருகிறார் என்றால் அப்போதெல்லாம் நான் முதலில் செய்தது, கூடத்து அலமாரியிலிருந்து சிவப்புப் புத்தகத்தை எடுத்து, படுக்கையறை பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில் வைப்பது. மனைவி ஒருமுறை இதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மாவு கரைக்கப் போனாள். சரித்திர ஆவணம் என்றால் எதற்கு ஒளிக்க வேண்டும்? அதே கூடத்தில்தான் அவர் யார்க் கவுண்டி பற்றியும், பாட்டி சொன்ன பழைய சங்கதிகள் பற்றியும் பேசியிருக்கிறார். ஜிம் வில்லியம்ஸ் பெயரை நான் சொன்னதும் வியந்துபோனார். இங்கே பிறந்த வெள்ளைக்காரர்களுக்கே தெரியாது, உனக்கு எப்படித் தெரியும் என்றார். அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை.

விற்கத் தோன்றியதற்குக் காரணம் மனசாட்சி என்று எழுதினால் நன்றாக இருக்கும். மகனின் கார் இன்சூரன்ஸ் ஏறிவிட்டது, மழைநீர்க் குழாய் உடைந்திருந்தது, வீட்டில் சும்மா கிடக்கும் சரக்கில் எது நல்ல விலைக்குப் போகும் என்று யோசித்தேன். இணையத்தில் விற்பனைக்கு விவரக் குறிப்பு எழுதினேன். நிலை, தையல், படங்கள், முதுகு, பழுப்புப் புள்ளி. எங்கள் உலகத்தில் இதற்கு ஒரு பாஷை உண்டு. அந்தப் பாஷையில் ஹிட்லரின் கையெழுத்துக்கும் குழந்தைப் பாட்டுப் புத்தகத்துக்கும் ஒரே இலக்கணம். நல்ல நிலையிலுள்ள பிரதி என்று சொன்னால் மற்றதெல்லாம் கேள்விக்கு அப்பால் போய்விடும்.

சில வாரம் யாரும் சீண்டவில்லை. அப்போதுதான் குறிப்பைத் திருத்தினேன். எரியும் சிலுவைப் படத்தைத் தனியாகப் புகைப்படம் எடுத்து முதலில் வைத்தேன். க்ளானில் பதவி வகித்தவருக்குக் காணிக்கை என்பதை எடுத்துச் சொன்னேன். ஆசிரியரின் சொந்த ஊர்ப் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது, கதை நடக்கும் மண்ணுக்கு எட்டிய தூரம் என்றும் சேர்த்தேன். நான் தேடிப் படித்த வரலாறு அங்கேதான் பயன்பட்டது. ஜிம் வில்லியம்ஸ் பெயரை எழுதவில்லை. யாருக்காக அந்த வரிகள் என்று எனக்குத் தெரியும். ஆராய்ச்சி மாணவனுக்கு அது வேண்டியதில்லை. நாவலின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. வாசகம் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காசு கொடுத்து முதல் பதிப்பைத்தான் வாங்குவேன் என்கிறவனுக்கு வேண்டியது வாசகம் இல்லை, பொருள். அந்தப் பொருளை ஒருவன் பூஜையறையில் வைத்தாலும் வைப்பான்.

விலையையும் ஏற்றினேன். மூன்றாம் நாள் ஒருவர் எழுதினார். தையல் பற்றியோ புள்ளி பற்றியோ கேட்கவில்லை. சிலுவைப் படம் கிழியாமல் இருக்கிறதா, காணிக்கைப் பக்கம் இருக்கிறதா என்ற இரண்டே கேள்வி. கையெழுத்துக்குக் கீழே ஒரு கூட்டமைப்புக் கொடி. உள்நாட்டுப் போரில் தெற்குத் தரப்பு ஏந்திய கொடி. இன்றைக்கும் அதை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிகிறவர்கள் எதற்காகத் திரிகிறார்கள் என்று இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நிமிடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மிச்சிகனில் ஃபெர்ரிஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜிம் க்ரோ அருங்காட்சியகம் இருக்கிறது. இன வெறுப்புப் பொருள்களை, வெறுப்பு எப்படி வேலை செய்தது என்று கற்பிப்பதற்காகவே சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். அங்கே எழுதிக் கேட்டிருக்கலாம். இலவசமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற கணக்குதான் குறுக்கே நின்றது.

இரண்டும் பத்திரமாக இருக்கின்றன ஐயா என்ற தொனியில் பதில் எழுதினேன். என் தமிழ்ப் பெயரைச் சுருக்கி, முதலெழுத்துகளை மட்டும் போட்டு அனுப்பினேன். வாங்குகிறவருக்குப் பழுப்புத் தோல்காரன் கையிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் பேரம் முறியலாம் என்ற யோசனை. திந்த் வழக்கைப் படித்தவன் செய்த காரியம் இது.

நான் கேட்ட விலைக்கே வாங்கிக்கொண்டார். புத்தகத்தை அமிலமில்லாத தாளில் சுற்றி, குமிழி உறை போட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, மூலைகள் நசுங்காதபடி கட்டினேன். அத்தனை பக்குவமாக நான் எந்தப் புத்தகத்தையும் கட்டியதில்லை. பணம் மழைநீர்க் குழாய்க்குப் போயிற்று. மனைவியிடம், புத்தகம் எங்கேயோ நூலகத்துக்குப் போயிற்று என்று சொன்னேன். அவள் நல்லது என்றாள்.

ஆசிரியர் நண்பர் இப்போதும் வருகிறார். பீரோவில் ஒளிக்க எதுவும் இல்லை என்பதால் பேச்சு முன்னைவிடச் சுலபமாகப் போகிறது என்பது இன்னொரு கேவலம். அவரிடம் ஆங்கிலத்தில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தமிழில் எழுதுகிறேன், அவருக்குத் தமிழ் தெரியாது. வாக்குமூலத்திலும் பாதுகாப்பான இடம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

வாங்கியவர் பிரதி அருமையான நிலையில் வந்து சேர்ந்தது என்று எழுதியிருந்தார். டிக்ஸனின் க்ளான் நாவல்கள் மூன்று. 1902-இல் வந்த ‘தி லெப்பர்ட்ஸ் ஸ்பாட்ஸ்’, 1907-இல் வந்த ‘தி ட்ரெய்ட்டர்’ இரண்டும் அகப்பட்டால் முதலில் தனக்குச் சொல்ல வேண்டும், விலை ஒரு பொருட்டில்லை என்றார். பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். அதற்குப்பின் ஒரு எஸ்டேட் சேலில் ‘தி லெப்பர்ட்ஸ் ஸ்பாட்ஸ்’ கிடைத்தது, சுமாரான நிலையில். வாங்கவில்லை. முதுகு கிழிந்திருந்தது, கிழியாமல் இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்.